தம்பியின் ஜீப்பில் மாட்டியதெல்லாம்

என் தம்பியை அவனுடைய ஜீப்பின் பம்பரிலேயே கட்டிவைத்து அடித்தார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், என் கண் முன்னால் நடந்தது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கட்டுமானக் கம்பிகளை இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பது என் வேலை. தம்பி அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறான். ஊத்துக்கோட்டையைத் தாண்டி எங்கள் கிராமத்தில் அம்மா இன்னும் நெல் பயிரிடுகிறாள். எங்கள் நிலத்தில் பாதி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. மழையில் தரைப்பாலம் முழுகிவிட்டால் உர மூட்டை கொண்டுபோக வழியே கிடையாது. அதைச் சொல்லித்தான் தம்பி, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். அதுவரை அம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

பிறகு வண்டிக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. முதலில் சேற்றில் ஓடுகிற பெரிய டயர். அந்த டயர் உள்ளே அடங்காததால் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயரத் தூக்கினான். தூக்கிய வண்டிக்குப் பழைய பம்பர் பொருத்தமாக இல்லையென்று கனமான இரும்பு பம்பர். அந்தப் பம்பரின் மேல் விஞ்ச், அதாவது மோட்டாரில் சுற்றிய கயிறு. வண்டி புதைந்தால் மரத்தில் கொக்கியை மாட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். கூரைமேல் வரிசையாக விளக்குகள். போனஸ், ஓவர்டைம், கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது எல்லாமே அதற்குள் போனது. ஞாயிறானால் அவனைப் போலவே ஜீப் வைத்திருக்கும் நாலைந்து பேருடன் ஏதாவது ஏரிக்குள் இறங்கி வீடியோ எடுப்பான்.

"கல்யாணத்துக்கு வெச்ச டப்பு எல்லாம் இரும்பா பூட்ச்சி. அந்த ஜீப்பையே கட்டிக்கினு குடும்பம் நடத்துடா" என்று அம்மா ஒருநாள் சோற்றுத் தட்டை அவன் முன்னால் விட்டெறிந்தாள்.

அந்த ஞாயிறு நான் ஊரில் இருந்தேன். சாப்பிட்டுவிட்டு, உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நானும் தம்பியும் ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் இல்லை. ஆற்றுக்குள் இரண்டு டிராக்டர்களும் இரண்டு பைக்குகளும் நின்றன. ஐந்து பேர் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள், அதுவும் எங்கள் வரப்புக்கு அடியிலேயே. கரை ஒரு ஆள் உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. மேலே எங்கள் பயிரின் வேர் காற்றில் தொங்கியது.

டிராக்டர் மேலேறுகிற பாதையின் குறுக்கே தம்பி ஜீப்பை நிறுத்தினான்.

கட்டம்போட்ட லுங்கி கட்டியிருந்தவன் நிதானமாக நடந்து வந்தான். "இன்னா நைனா, வண்டிய ஓரம் கட்டு."

"மண்ணக் கொட்டிட்டு வெறும் வண்டிய எடுத்துக்கினு போ. வுட்டுட்றேன்."

"ஆறு இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா?"

"வரப்பு எங்கப்பன் ஊட்டு சொத்துதான்."

தம்பி அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அடுத்த நொடி பின்னாலிருந்து ஒருவன் மண்வெட்டிக் காம்பை அவன் இடது முழங்காலின் பின்பக்கம் இறக்கினான். தம்பி அப்படியே மடிந்தான். விழுந்தவனை மூன்று பேர் மிதித்தார்கள். முகம், வயிறு, முதுகு என்று பார்க்காமல் மிதித்தார்கள். போலீசுக்குப் போட எடுத்த என் போனை ஒருவன் பிடுங்கி மண்வெட்டியால் வெட்டினான். நான் அவன் கையைக் கடித்தேன். என் கொண்டையைப் பிடித்து இழுத்து மணலில் வீசினான். வாய் நிறைய மணல்.

"சினிமா வண்டி மாரி இன்னா பம்பரு, இன்னா லைட்டு! இதுலயே கட்டுங்கடா இவன" என்றான் லுங்கிக்காரன்.

விஞ்சின் கயிற்றை உருவினார்கள். தம்பியைப் பம்பரோடு சேர்த்து நெஞ்சைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியைப் பம்பரிலேயே மாட்டினார்கள். பிறகு ஆள்மாற்றி ஆள் அடித்தார்கள். தம்பி முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு "வுட்ருங்கண்ணா" என்றான். அந்த 'அண்ணா'வைக் கேட்டபோது அடித்தவர்கள் மேல் வந்ததைவிட அவன்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

லுங்கிக்காரன் ஜீப்புக்குள் கைவிட்டு, ஒயரோடு இருந்த விஞ்சின் சுவிட்சை எடுத்தான். விளையாட்டுப் பொருளைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுத்தினான். மோட்டார் முனகியது. கயிறு இறுகியது. தம்பியின் கண்கள் பெரிதாயின. விட்டான். சிரித்துக்கொண்டே மறுபடி அழுத்தினான்.

சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி ராடு இருந்தது. அதை எடுத்து, சுவிட்சைப் பிடித்திருந்த அவன் கையில் என் பலம் முழுவதும் சேர்த்து அடித்தேன். ஆலையில் கம்பி அறுந்தால் வெடிச்சத்தம் கேட்கும். எலும்பு அப்படிக் கேட்கவில்லை. பச்சைக் குச்சியை மிதித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் கத்திக்கொண்டே உட்கார்ந்தான். முழங்கைக்குக் கீழே இன்னொரு மடிப்பு இருந்தது.

சுவிட்ச் என் கைக்கு வந்தது. அதில் இரண்டு பொத்தான்கள். எது இழுக்கும், எது விடும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றை அழுத்தினேன். தம்பியின் அலறல் பாதியில் நின்றது. நான் அழுத்தியது தப்பான பொத்தான். மற்றதை அழுத்தினேன். கயிறு தளர்ந்து அவன் பம்பரிலிருந்து சரிந்து விழுந்தான்.

ஒருவன் கடப்பாரையோடு ஜீப்பை உடைக்க ஆரம்பித்தான். முன்கண்ணாடி, கூரை விளக்குகள், எல்லாம் நொறுங்கின. இன்னொருவன் முன் டயரின் பக்கவாட்டில் அரிவாளை இறக்கினான். "கிட்ட வந்தீங்கன்னா மண்டைய ஒடச்சிடுவேன்" என்று ராடைச் சுழற்றிக்கொண்டே தம்பியின் முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கை உடைந்தவன் வலியில் புரண்டுகொண்டிருந்தான். கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு, டிராக்டர்களை விட்டுவிட்டு, இரண்டு பைக்கில் ஓடினார்கள்.

தம்பியை இழுத்து சீட்டில் போட்டேன். அவன் இருமியபோது என் கையில் ரத்தம் தெறித்தது. "லோ கியர் போடுக்கா" என்றான். ஒரு டயர் கிழிந்து, கயிறு பின்னால் இழுபட, வண்டி மெதுவாகக் கரை ஏறியது. நாலு சக்கரத்தையும் மெதுவாக, பலமாக இழுக்கவைக்கிற அந்த கியர் வண்டியோடு கம்பெனியிலேயே வந்தது. அதற்குத் தம்பி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் விலா எலும்புகள் உடைந்து ஒன்று நுரையீரலில் குத்தியிருப்பதாகச் சொன்னார்கள். பக்கவாட்டில் குழாய் வைத்தார்கள். முழங்காலில் ஆபரேஷன் பிறகு நடந்தது.

வழக்கு இரண்டு பக்கமும் பதிவானது. அவர்கள் மேல் ஒன்று, கையை உடைத்ததற்கு என் மேல் ஒன்று. டிராக்டர்களோடு ஜீப்பையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். டிராக்டர்கள் முதலில் வெளியே வந்துவிட்டன. ஜீப் வரவில்லை. பரிசோதிக்க வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த பம்பர், லைட், டயர் சைஸ், ஒசரம் எதுக்குமே அனுமதி இல்லையேம்மா. எல்லாத்தையும் கழட்டி பழையபடி ஆக்கினாத்தான் வெளிய வுட முடியும்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ்காரர்களும் அதையே காரணம் காட்டிக் கைவிரித்தார்கள். மாட்டும்போது ஒருமுறை செலவு செய்தது போதாதென்று கழற்றுவதற்கும் செலவு செய்தோம்.

கழற்றியதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. தம்பியோடு ஏரிக்கு வண்டி ஓட்டப்போகும் நண்பன் ஒருவன் பார்க்க வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தான். நலம் விசாரித்தபடியே அவன் கண் விஞ்சின் மேல் போய்ப் போய் வந்தது.

"மச்சி, தப்பா நெனைக்காத. இத குடுக்கற மாரி இருந்தா நான் எடுத்துக்கறேன். இன்னும் இழுக்குதுல்ல?"

தம்பி சட்டையைத் தூக்கிக் காட்டினான். நெஞ்சின் குறுக்கே இரண்டு கோடுகள் கறுத்துப்போயிருந்தன. "நல்லா இழுக்கும். எடுத்துக்கினு போ" என்றான்.

அவன் போனபிறகு நான் கேட்டேன். "சொல்லுடா, இவ்ளோ கொட்டினியே, எதுனா ஒர்த்தா?"

அவன் வாசலில் கிடந்த டயரைப் பார்த்தான். "டயரு ஒர்த்துக்கா. சேத்துல மூட்ட ஏத்திக்கினு போனோமே, அதுக்கு அது வோணும். மத்ததெல்லாம்..." நிறுத்திவிட்டுத் தன் காலைத் தடவினான். "பெரிய வண்டியில ஒக்காந்தா ஆளு பெருசான மாரி இருக்கும்கா. அன்னிக்கு வெறும் டிவிஎஸ்ல போயிருந்தா, அஞ்சு பேரு முன்னால நான் வண்டிய குறுக்க நிறுத்தியிருப்பேனா?"

நிறுத்தியிருக்க மாட்டான். வரப்பு மட்டும் அப்போதும் போயிருக்கும். அந்த வருட மழையில் ஆறு வந்து, வெட்டிய கரையோடு எங்கள் நிலத்திலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. அம்மா கரையில் நின்று, அந்த ஐந்து பேரின் ஏழு தலைமுறையையும் சபித்தாள். தம்பியின் இடது கால் முழுதாக மடங்குவதில்லை, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. இப்போது ஜீப்பை ஓட்டுவது நான்தான்.

போன மாதம் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்த லுங்கிக்காரனைப் பார்த்தேன். பேன்ட் போட்டிருந்தான். கூட ஒரு சின்னப் பெண், அவன் மகளாக இருக்க வேண்டும், கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தது. அவனும் என்னைப் பார்த்துவிட்டான். நேராக வந்தான். என் கை தானாகப் பையைத் துழாவியது. அதில் டிபன் பாக்ஸ் மட்டும்தான் இருந்தது.

"தம்பி எப்பிடி கீறாரு?" என்றான்.

"நடக்கறான்."

"எனக்கு கை நிமிரல." கோணலாக நின்ற கையைத் தூக்கிக் காட்டினான். மிரட்டுகிறானா, வருத்தப்படுகிறானா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. எனக்குப் பாவமாக இல்லை. இன்னொரு தரம் அடிக்கலாம் என்றுதான் இருந்தது. அந்தப் பெண் கிளாஸோடு ஓடிவந்து, "யாருப்பா?" என்று கேட்டது.

"தெரிஞ்சவங்க" என்றான் அவன்.

கும்மிடிப்பூண்டி பஸ் வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடம் காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.