கடாரத்தில் நான் கட்டிய சிறை

நேற்று என் மகள் அறைக்குள்ளிருந்து கத்தினாள். "அப்பா, என்னைய ஒரு வாரத்துக்கு கேம்லருந்து தூக்கிட்டாங்க! நான் ஒண்ணுமே செய்யல லா!" யாரிடம் முறையிட்டாய் என்று கேட்டேன். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். அழுத்தினால் இயந்திரமே பதில் அனுப்புமாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் வந்து உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்த ஜெயிலர் உத்தியோகத்தை ஒரு காலத்தில் நானும் பார்த்தவன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிள் நேராக ஜார்ஜ்டவுனுக்குப் பறக்கும். அங்கே ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சைபர் கஃபே, கீழே ஜாதிக்காய் விற்கும் கடை. மரப்படியில் ஏறும்போது மூக்கைத் துளைக்கும் ஜாதிக்காய் மணம், மேலே போனதும் ஏர்கானின் ஈரக் கம்பள நாற்றத்தோடு கலந்துவிடும். இன்றும் சந்தையில் அந்த மணம் வந்தால் என் விரல்கள் எதையாவது தட்டத் துடிக்கின்றன.

என் நண்பன் குமரன் எழுதிய 'கடாரம்' அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை விளையாட்டு என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடிக்க வருவார்கள். படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. கறுப்புத் திரையில் 'நீ ஆற்றங்கரையில் நிற்கிறாய், வடக்கே அரண்மனை' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். 'வடக்கே போ' என்று நாமும் அப்படியே தட்ட வேண்டும். மாடியில் உட்கார்ந்திருப்பவர்களும், தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டிலிருந்து வருபவர்களும் ஒரே ஊரில் வாள் சுற்றுவோம்.

ஊர் என்று ஒன்று இருந்தால் திருடனும் இருப்பான். எங்கள் திருடன் பிரான்சிஸ். ஷிப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன். நிஜத்தில் அடுத்தவன் பேனாவைக்கூடத் தொடமாட்டான். கடாரத்தில் 'கீரி' என்ற பெயரில் கண்ணில் பட்ட வாளையெல்லாம் சுருட்டினான். புகார் குவிந்தது. குமரன் என் பக்கம் திரும்பினான். "ஒங்க அப்பா கோர்ட்ல கிளார்க்குதானே? நீயே ஒரு ஜெயில் கட்டு லா." அப்பா கோர்ட்டில் கோப்பு அடுக்கியவர். அந்தப் பரம்பரைப் பெருமையோடு நானும் சட்டம் எழுதினேன். குற்றம் செய்தால் ஒரு முழு நாள் நான்கு சுவர். எல்லாருக்கும் ஒரே தண்டனை. இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்?

முதல் கைதி கீரி. அடுத்த நாள் வெளியே வந்தவன் சொன்னான்: "ஷிப்ட் முடிச்சு நல்லா தூங்கினேன் அண்ணே. முழிச்சுப் பார்த்தா ரிலீஸ் பண்ணிட்டீங்க."

இரண்டாவது கைதி ரோஸ்லின் அக்கா. கடலுக்கு அக்கரையில், நிபோங் திபாலில் கணக்கு டீச்சர். பஸ் ஏறி, ஃபெர்ரி ஏறி, சனிக்கிழமை பிற்பகல் மட்டும் வந்து ஆடுவார். கடாரத்தின் ஒரே மருத்துவச்சி அவர்தான். பாம்பு கடித்துக் கிடந்த கீரியைக் காப்பாற்ற அரசரின் தோட்டத்தில் ஒரு வேரைப் பிடுங்கிவிட்டார். என் சட்டத்துக்கு வேரும் வாளும் ஒன்று. அக்கா உள்ளே போனார். எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, 'நீ சிறையில் இருக்கிறாய்' என்ற ஒற்றை வரியைப் பிற்பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போதுதான் வாய் திறந்தார்.

"தம்பி, இவ்வளவு தூரம் வந்து சுவத்தப் பார்த்துட்டுப் போகவா? அவனுக்கு ஒரு தூக்கம், எனக்கு ஒரு வாரம். இதா ஒங்க நியாயம்?"

நான் உடனே சட்டத்தைத் திருத்தினேன். விளையாட்டுக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான் இனித் தண்டனையில் கழியும். மறுபடி மாட்டிய பிரான்சிஸ், ஆடிக்கொண்டிருப்பதாகக் காட்ட என்டர் பொத்தான் மேல் ஒரு கச்சான் கடலைப் பொட்டலத்தை வைத்துவிட்டு மீ கோரெங் சாப்பிடப் போனான். பொட்டலம் அவன் தண்டனையை ஒழுங்காக அனுபவித்தது.

அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மருத்துவச்சி இல்லாத கடாரத்தில் சாதாரணக் காய்ச்சலுக்கே ஆட்கள் செத்தார்கள். செத்தவர்கள் அலுத்துப்போய் ஆட்டத்தையே விட்டார்கள். "ஊரே காலியாகுது," என்றான் குமரன். ஒரு ஞாயிறு காலை, பிரான்சிஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனேன்.

அக்கா வீட்டு வாசலில் பிரான்சிஸ் முந்திக்கொண்டான். "அக்கா, எனக்காகத்தானே உள்ள போனீங்க. நீங்க இல்லாம நல்லால்ல." அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்.

"ஸ்கூல்ல தப்பு செஞ்ச பிள்ளைய கிளாஸுக்கு வெளிய நிக்க வைப்பாங்க. நான் வைக்க மாட்டேன்," என்றார். "பாடம்தான் போகும். தப்பு அங்கேயே நிக்கும்."

"அப்ப என்னதான் செய்றது அக்கா?"

"எனக்கென்ன தெரியும், நீங்கதானே ஜெயிலர்! உள்ள போட்டாலும் ஆடற மாதிரி போடுங்க. அவ்வளவுதான்."

"பேச ஒரு ஆளாவது வேணும்," என்றான் பிரான்சிஸ்.

திரும்பும்போது ஃபெர்ரியின் மேல்தளத்தில், காற்றில் கத்திக் கத்திப் பேசியே புதுச் சிறையைக் கட்டினோம். சந்தையைப் பார்த்து ஒரு ஜன்னல். யாரும் வந்து பேசலாம். கைதி தன் தொழிலை உள்ளேயே செய்யலாம். ஆனால் பொருளைப் பறிகொடுத்தவருக்காகச் செய்ய வேண்டும். அவர் 'போதும்' என்று தட்டினால் கதவு திறக்கும்.

அக்கா திரும்பி வந்தார். வேருக்கு ஈடாக ஜன்னலுக்குள் இருந்தே அரண்மனைக் காவலர்களுக்கு வைத்தியம் பார்த்தார். கீரி, தான் திருடிய வீடுகளுக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்தான். வாளைப் பறிகொடுத்தவர்கள் முதலில் திட்ட வந்தார்கள். பிறகு வம்பளக்க வந்தார்கள். சில வாரங்களில் அரண்மனையில் ஈ காக்கை இல்லை; கூட்டமெல்லாம் ஜன்னலடியில். உள்ளே போவதற்காகவே சிலர் வாழைப்பழம் திருடினார்கள். குமரன் தலையில் அடித்துக்கொண்டான். "ஜெயில் கட்டச் சொன்னா கோப்பிக்கடை கட்டி வச்சிருக்க!"

பிறகு படத்தோடும் சத்தத்தோடும் புதிய விளையாட்டுகள் வந்தன. குமரன் ஆஸ்திரேலியாவுக்குப் போவதென்று முடிவானது. கடைசிச் சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே எல்லாரும் சிறைக்குள் போய் உட்கார்ந்தோம். ஒரு குற்றமும் செய்யாத நானும்தான். அக்கா 'யாருக்காவது காய்ச்சலா?' என்று கேட்டார். எல்லாரும் 'ஆமாம்' என்று தட்டினோம். குமரன் இயந்திரத்தை நிறுத்தினான்.

அந்த மாடி இப்போது தங்கும் விடுதி. கார்களையும் எங்களையும் சுமந்த அகன்ற பழைய ஃபெர்ரிகளும் போய்விட்டன. அக்கா ஓய்வுபெற்று மகனோடு ஜொகூரில் இருப்பதாகக் கேள்வி. கடாரத்தில் அதற்குப் பிறகு ஒரு வாழைப்பழம்கூடத் திருடுபோகவில்லை.