வாத்து மாமாவின் மகள்

எந்தப் பிள்ளைக்குப் போட்டோ எடுக்க வேண்டுமென்றாலும் அந்தத் தெருவில் வாத்து மாமாவின் ஸ்டுடியோவுக்குத்தான் போவார்கள். ஸ்டூலில் உட்கார வைத்ததும் வீறிட்டு அழுகிற பிள்ளை, உர்ரென்று முறைக்கிற பிள்ளை, யாரானாலும் அவருக்குக் கவலையில்லை. மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றைத் தன் வழுக்கைத் தலையில் நிறுத்துவார். பிறகு கூரை அதிர ஒரு தும்மல். வாத்து தொப்பென்று விழும், பிள்ளை சிரிக்கும், அதற்குள் அவர் விரல் கேமராவை அழுத்தியிருக்கும்.

வீட்டில் கதை வேறு. ஒரே மகள், எட்டு வயது. போன வருஷம் வரைக்கும் வாய் ஓயாத பெண். இப்போது காலுறை சற்றுத் திருகிக்கொண்டால் போதும், தட்டு பறக்கும். தன் கையையே பல் பதியக் கடித்துக்கொள்வாள். பிறகு நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் கிடப்பாள். ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்: “நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்ல?” அம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

அறிவுரைக்கு மட்டும் எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றாள் அத்தை. ரெண்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் பெரியப்பா. அவர் பெற்ற பிள்ளைகள் அவரோடு பேசுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

குழந்தை டாக்டரிடம் போனார்கள். மகள் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன கேட்டும் பதிலில்லை. பயந்த முகத்தோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வாத்து மாமாவால் முடியுமா? கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தும்மல், வாத்து, சிரிப்பு. டாக்டரும் சேர்ந்து சிரித்தார். “நல்லாத்தானே இருக்கா!” என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியிலும் இதே கூத்து. இந்த வயதில் பிடிவாதம் சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில், ஆட்டோவிலேயே, அவள் ரத்தம் வரும்வரை கையைக் கடித்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி வெடித்தாள். “அவளை என்ன போட்டோ எடுக்கவா கூட்டிட்டுப் போறோம்?”

“பாவம், மிரண்டுபோய் உக்காந்திருந்தா. அதான்...”

“உங்க முகம் வாடிடக் கூடாதுன்னு சிரிக்கிறா அவ. அதுகூடவா தெரியல உங்களுக்கு?”

அவருக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பிள்ளைகளின் சிரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர், சொந்தப் பிள்ளையின் சிரிப்பில் ஏமாந்திருந்தார்.

குழந்தைகளின் மனநோய்க்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாக யாரோ சொன்னார்கள். அவரைப் பார்க்கத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆனது. அதுவரை மனைவி கத்தி, கத்தரிக்கோலையெல்லாம் ஒளித்து வைத்து, மகளின் நிழலாகவே திரிந்தாள்.

தேதி வந்த அன்று கிளம்பும்போது மனைவி கையை நீட்டினாள். “வாத்து.”

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஆனால் டாக்டரம்மாவின் அறையில் மகள் தலையைக் குனிந்ததுமே, வாத்து இல்லாமலே அவருக்கு மூக்குவரை தும்மல் வந்துவிட்டது. சட்டென்று எழுந்தார்.

“டாக்டர், நான் வெளியில இருக்கேன். நான் இருந்தா அவ சிரிச்சிருவா.”

டாக்டரம்மா தலையாட்டினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் சத்தமே இல்லை. பிறகு நாற்காலி விழும் சத்தம். பிறகு, வீட்டுச் சுவர்கள் மட்டுமே கேட்டிருந்த அந்த அலறல். எதிரே இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு தும்மல் போதும், அடங்கிவிடுவாள். கையை இழுத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூட எண்ணாமல் அழுதார்.

அலறல் ஓய்ந்து நெடுநேரம் கழித்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மகள் மூலையில் சுருண்டு கிடந்தாள். “இது கடுமையான மனச்சோர்வு,” என்றார் டாக்டரம்மா. “பெரியவங்கன்னா அழுது தீத்துடுவாங்க. இந்த வயசுல அது நிறைய நேரம் கோபமாத்தான் வெளிய வரும். கொஞ்சம் முத்திடுச்சு. வாராவாரம் கூட்டிட்டு வாங்க, மாத்திரையும் வேணும். தனியா மட்டும் விடாதீங்க.”

“சரியாயிடுமா டாக்டர்?”

“நாளாகும். எவ்வளவு நாள்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

ஆஸ்பத்திரி அட்டையில் ஒட்டப் போட்டோ கேட்டார்கள். மறுநாள் ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மகளை ஸ்டூலில் உட்கார வைத்தார். விளக்கைப் போட்டதும், சொல்லாமலே அவள் பல்லைக் காட்டினாள்.

அவர் கேமராவை இறக்கினார். “சிரிக்க வேணாம்டா கண்ணு.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

“உனக்குக் கஷ்டமா இருக்காதாப்பா?”

“இருக்கும். பரவால்ல.”

அவள் ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பற்கள் மறைந்தன. கன்னங்கள் தொய்ந்தன. கடைசியில் மிஞ்சியது, எதிலும் ஆசையில்லாத, களைத்துப்போன ஒரு முகம். அவர் கேமராவை மறுபடி உயர்த்தினார். படம் ஆடிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.