நடு வரிசைக் குப்பிகள்

இன்திசாரைப் பிடிவாதக்காரி என்று எங்கள் மருந்துத் தொழிற்சாலையில் சொல்லாதவர் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, பல வருடம் அவளோடு ஒரே தட்டில் ரொட்டியும் அவித்த பயறும் தின்றவள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

அவள் ஊர் அஸ்வான் பக்கம் தராவ். தேள் கொட்டி யாராவது சாகாத கோடை அங்கே இல்லை. விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், மின்சாரம் போனால் கெட்டுவிடும். அதையே உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, பனியை உருகவிடாமலே ஆவியாக்கிக் காய்ந்த கட்டியாக்கிவிட்டால் வெயிலைத் தாங்கும். வேண்டும்போது தண்ணீரில் கரைத்து ஊசி போடலாம். அதற்காகவே கெய்ரோ வந்தவள் அவள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல இந்தக் கட்டி காயட்டும்" என்பாள்.

பெரிய இயந்திரத்தில் முதல் தொகுதி வெளியே வந்தபோது கட்டிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. மேலாளர் வக்தி இனிப்பு வரவழைத்தார். இவள் மட்டும் இயந்திரத்தின் கதவருகே நின்றாள்.

"வெப்பமானிக் கம்பியை எந்தக் குப்பியில வச்சாங்க?"

"முன் வரிசையில. கை அங்கதானே எட்டும், எப்பவும் அங்கதானே வைக்கிறோம்" என்றார் வக்தி.

"கதவுச் சூடு படுற இடம் சார் அது. சீக்கிரம் காஞ்சிடும். அதை நம்பிச் சூட்டை ஏத்திட்டோம். நடுவுல இருக்கறது உள்ளுக்குள்ள ஈரமா நிக்கும்."

"கோடை வந்தாச்சு டாக்டரம்மா. உங்க ஊர்க்காரங்கதான் காத்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்குச் சந்தேகம் தீர்ற வரைக்கும் தேள் பொறுத்துக்குமா?"

"பொறுக்காதுங்க. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் கையெழுத்தில்லாமல் ஒரு குப்பியும் வெளியே போகாது. நடுக் குப்பிகளை மட்டும் ஒதுக்கவும் வழியில்லை. இறக்கும்போதே எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. தொகுதி முழுவதையும் சூடான அறையில் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே பாதிக் கட்டிகள் பழுப்பேறிச் சுருங்கின. தண்ணீர் ஊற்றினால் கரையவில்லை. வக்தி அதன்பின் அவளைக் கிண்டல் செய்யவில்லை.

அந்தக் கோடை முடியுமுன் அவள் அண்ணன் மகள் நவாரா, உதறாமல் செருப்பில் காலை விட்டாள். உள்ளே தேள் இருந்தது. மருத்துவமனைக் குளிர்பெட்டி முந்தின நாளே நின்றுபோயிருந்தது. விடியுமுன் பிள்ளை போய்விட்டது.

துக்கத்துக்கு நானும் கூடப் போனேன். சர்க்கரையில்லாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அப்துஸ் சபூர் உள்ளே வந்தார். ஒட்டகச் சந்தையில் சத்தம் போட்டே பழகிய மனிதர், அன்று மெதுவாகக் கேட்டார்.

"மருந்து செஞ்சாச்சுன்னு போன்ல சொன்னியே தங்கச்சி."

"செஞ்சோம்ணே. கெட்டுப்போச்சு."

"எல்லாமேவா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"இல்லண்ணே. பாதி நல்லா இருந்துச்சு."

"அப்ப எம் பொண்ணுக்கு அந்த நல்லதுல ஒண்ணு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்ணே."

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. கெய்ரோ வரும்வரை ரயிலில் அவள் அழுததைப் பார்த்தபின் ஆத்திரம் போய்விட்டது. அவள் செய்தது சரி. சரியாகச் செய்தவளுக்கு இப்படி ஒரு கேள்வியா?

மறு வாரம் வேலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. இயந்திரத்துக்குள் தோள்வரை கையை நுழைத்து, எட்டாத நடு வரிசையில் கம்பியை வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கோடையில் மருந்து தராவுக்குப் போனது. மருத்துவமனை வாசலில் பெட்டிகளைத் தோளில் சுமந்து இறக்கியவர் அப்துஸ் சபூர்தான் என்று சொன்னார்கள். தங்கையோடு அவர் இன்றுவரை பேசவில்லை.