எங்கள் கடைக்கு மட்டும் படி இல்லை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை அருப்புக்கோட்டையில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. நகரங்கள் இயற்கையைக் கெடுக்காமல் வளர்வதற்குக் கொள்கை வகுக்கிறேன் என்பேன். "அது சரி, ஆபீஸு எங்க இருக்கு?" என்பார்கள். ஐரோப்பாவில், ஒரு ஏரிக்கரையில் என்றால், "வருசம் பூரா தண்ணி கெடக்குமா?" என்று கேட்பார்கள். கிடக்கும் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அதுவும் ஏரிக்குத்தான்.

கடைசியில் நகராட்சிதான் ஊருக்கு என் வேலையை விளக்கியது.

பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி ஒன்றில், தெருவும் சாக்கடையும் பற்றிய பகுதி என்னுடையது. கடைகளின் முன்னால் ஓடும் வாறுகால், அதாவது சாக்கடை, அதன் மேல் படி, பலகை, சாய்தளம் எதுவும் இருக்கக் கூடாது, 'தற்காலிகமானவை உட்பட' என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காகக் கூட்டத்தில் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டு ஜெயித்தேன். பிறகு அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். அந்த வழிகாட்டி தமிழாகி எங்கள் பஜாருக்கு வந்து சேர்ந்தபோது நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன்.

பஜாரில் எங்களுக்கு இரும்புக் கடை. மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, தார்ப்பாய் விற்போம். பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் பஸ் ஏறி வந்து வாங்குவார்கள். எங்கள் பக்கம் மழை அபூர்வம், ஆனால் பெய்கிற அன்றைக்கு மொத்தமாகப் பெய்து தெருவை மூழ்கடித்துவிடும். அதனால் தாத்தா கடையை இடுப்பளவு உயரத்தில் கட்டியிருந்தார். ஏறுவதற்குக் கல் படிகள். அத்தனையும் வாறுகால் மேல்.

நகராட்சி அதிகாரி கடைக்காரர்களைக் கூட்டி வழிகாட்டியை வாசித்தார். "இத எழுதுனது யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம இரும்புக்கடை அண்ணாச்சி மகன்!" என்றார். ஒரே கைதட்டல். எதிர்க் கடைக்காரர் எழுந்தார். அவரும் இரும்புக் கடைதான். "அப்ப எழுதுனவுக கடையிலயே ஆரம்பிங்க. அதுதான அவுகளுக்கு மரியாதை" என்றார். கோயிலில் பரிவட்டம் கட்டத் தலையை நீட்டுகிறவன் போல நானும் நீட்டினேன்.

மறுநாள் காலையில் எனக்கு மாலை போட்டார்கள். நான் பேசினேன். பேச்சு முடியும்வரை இடிக்க வந்த ஆட்கள் பொறுமையாக நின்றார்கள். கடப்பாரை போதவில்லை என்று சொன்னதும், கடைக்குள் போய்ப் புதுக் கடப்பாரை எடுத்து வந்து நானே கொடுத்தேன். உச்சிப்பொழுதுக்குள் வேலை முடிந்தது.

அடுத்தது எதிர்க் கடை. அவர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று போனார்கள். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரு மரப்பெட்டியாவது எடுத்துப் போடுவோம்ப்பா" என்றேன்.

"தற்காலிகமும் ஆகாதுன்னுல்ல வாசிச்சாக" என்றார் அப்பா. "மகன் எழுதுனத அப்பனே மீறுனா பஜாரு சிரிக்காதா?"

பஜார் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

நான் விமானம் ஏறிவிட்டேன். அப்பா போனில் செய்தி சொல்வார். "எளவட்டங்க தாவி ஏறிருதாங்க. முட்டுவலிக்காரவுக பூராம் எதிர்க் கடைக்குப் போயிட்டாக. யாவாரம் பாதிதான்." குறை சொல்லும் குரலே இருக்காது. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் அதிகாரி இரண்டு படங்கள் அனுப்பினார், இடிக்கும் முன் ஒன்று, பின் ஒன்று. நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? ஒரு பன்னாட்டுக் கூட்டத்தில் அவற்றைத் திரையில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது படத்தில் அப்பா ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கிழவியைக் கடைக்குள் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் என்ன செய்கிறார்?" என்று ஓர் அம்மையார் கேட்டார்.

"எங்கள் ஊர் வழக்கம். வருகிறவர்களைக் கைகொடுத்து வரவேற்போம்" என்றேன்.

அரங்கமே கைதட்டியது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என் அப்பா என்றுகூட நான் சொல்லவில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, மதுரை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்குப் போனேன். எதிர்க் கடையில் கூட்டம். எங்கள் கடையில் அப்பா மட்டும் இருந்தார். தெருவில் பெட்டியோடு நின்றபடியே சொன்னேன்.

"படியக் கட்டிருவோம்ப்பா. எழுதுனது நான்தான? தப்புன்னு நானே சொல்றேன்."

"எங்கிட்டச் சொல்லி என்ன? ஒங்க ஆபீஸ்ல சொல்லி மாத்து. மாத்திட்டு வா, கட்டுவோம்." அப்பா எழுந்து வந்தார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அதுவர இப்படித்தான். கையக் குடு."

அதில் ஒரு வரியை மாற்ற எத்தனை நாடுகள் கூட வேண்டும், எத்தனை வருடம் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வயதும் தெரியும். அவர் நீட்டிய கையைப் பிடித்துத்தான் ஏறினேன்.