மண் இளகும்வரை

நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஹெய்டி எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி. பொய் சொல்ல வராத பெண். போன ஏப்ரலில், மினசோட்டாவில், எங்கள் சமவெளியில் அவளுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், கண்ணுகளா.

அவள் மகள் நோரா ஜனவரியில் பிறந்தாள்; ஜனவரியிலேயே போய்விட்டாள். குளிர்காலத்தில் இங்கே மண் பாறையாக இறுகிவிடும். கடப்பாரை எகிறும். எங்கள் தேவாலயத்தில் அப்போது குழி வெட்டுவதில்லை. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து ஓரமாக உள்ள கருங்கல் கட்டடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மண் இளகினால்தான் அடக்கம். நோராவின் சின்னப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. தினமும் காலையில் ஹெய்டி கொல்லையில் குனிந்து, மண்ணில் திருப்புளியைக் குத்திப் பார்ப்பாள். ஏப்ரலில் ஒருநாள் அது பிடிவரை இறங்கியது. சனிக்கிழமை அடக்கம் என்று முடிவானது.

அதற்கு இரண்டு நாள் முன்பு மாமியார் ஆர்டிஸ் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஆர்டிஸ்தான் தலைவி. இங்கே முதன்முதலில் குடியேறியவர்களுக்குச் சாலையோரம் நினைவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். வசந்தம் வந்ததும் அவற்றைக் கழுவி மெருகு போடுவது சங்கத்தின் வேலை.

"வா, பறவை எச்சம் தேய்க்கலாம்."

"எதால தேய்க்கறது, அத்தை?"

"உன் மாமனாரோட பல் பிரஷ். ராத்திரிக்குள்ள இடத்துல வெச்சிடணும். மூச்சு விட்டுடாத."

ஜனவரிக்குப் பிறகு ஹெய்டி அன்றுதான் சிரித்தாள்.

சாலை வளைவில் இருந்த கல்லுக்கு வந்தபோது மாலை ஐந்தே கால். வெண்கலத் தகட்டில் நான்கு வரி: முதல் குடியேறிகள் 1867-இல் இங்கே குளிர்காலம் கழித்தனர். ராக்னாவும் அவள் கைக்குழந்தையும் இங்கே உறங்குகிறார்கள்.

ஆர்டிஸின் முகம் மாறியது. "இந்தக் கல்லுக்கு உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது. என் புத்தியைச் சொல்லணும்."

"பரவால்ல, அத்தை. நான் தேய்க்கிறேன்."

மெழுகு எடுக்க ஆர்டிஸ் காருக்குப் போனாள். அப்போதுதான் மூடுபனி இறங்கியது. கார் மறைந்தது. சாலையும் மறைந்தது.

வயலில் கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒரே நேரத்தில் நிறுத்தின.

விறகுப் புகை வாசம் வந்தது. சுற்று வட்டாரத்தில் ஒரு வீடும் கிடையாது...

பிறகு காலடிச் சத்தம். நறுக்... நறுக்... காய்ந்த பனியை மிதிக்கும் சத்தம். வயலில் பனியே இல்லை. ஈரமான கறுப்பு மண்தான்.

நறுக்... நறுக்...

நின்றது.

கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். தலையில் முக்காடு. விரல் நகங்கள் பிய்ந்திருந்தன.

"மண்ணு இளகிடுச்சா?"

அந்தக் கேள்வி... அது தினமும் காலையில் ஹெய்டி மண்ணிடம் கேட்ட கேள்வி.

"இளகிடுச்சு," என்றாள். "சனிக்கிழமை என் பொண்ணை அடக்கம் பண்றோம்."

"என்னோடதும் காத்திருக்கு."

"எங்க?"

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"கூரை மேல."

மேலே மூடுபனி மட்டும்தான். எப்போதோ வற்றிப்போன பால் சுரந்து ஹெய்டியின் சட்டை நனைந்தது.

"யார்கிட்ட பேசற?" ஆர்டிஸ் மெழுகு டப்பாவோடு நின்றாள். எதிரே யாருமில்லை.

வீடு வந்ததும் சமையலறையில் ஹெய்டி மெதுவாகக் கேட்டாள். "அத்தை, முதல்ல வந்தவங்க, குளிர்ல செத்த பிள்ளையை எங்க வெச்சிருப்பாங்க?"

"கூரை மேல. ஓநாய்க்கு எட்டாம, பனிக்குள்ள." ஆர்டிஸ் திரும்பினாள். "உனக்கு யாரு சொன்னா?"

ஹெய்டி நடந்ததைச் சொன்னாள். ஆர்டிஸ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"மண்ணு இளகறதுக்குள்ள ராக்னாவும் போயிட்டா. அப்புறம் ரோட்டை அகலப்படுத்தறப்போ கல்லை நகர்த்தினாங்க. கீழ ஒரே ஆளோட எலும்புதான். பெரியவங்களோடது. பிள்ளை இல்லவே இல்ல. எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. வெண்கலத்துல வார்த்தாச்சேன்னு எழுத்தை அப்படியே விட்டுட்டோம், ஹெய்டி."

சனிக்கிழமை காலை. குழி வெட்டும் வெர்லின், மண்வெட்டியோடு தேவாலய வாசலிலேயே ஹெய்டியை மறித்தான்.

"உங்க வீட்டு ஆளுங்க வெட்டிட்டாங்களா? நான் இப்பத்தான் வரேன்."

யாரும் வெட்டவில்லை. ஆனால் குழி தயாராக இருந்தது. பக்கங்களில் மண்வெட்டித் தடம் இல்லை. கையால் பறித்த மண். ஒரு குழந்தைக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு அகலம்.

"மிச்சத்தை மூடிடறேன்மா."

"வேணாம்," என்றாள் ஹெய்டி. "இடம் இருக்கட்டும்."

நோராவை இடப்பக்கம் இறக்கினார்கள். வலப்பக்கம் வெறும் மண். எல்லோரும் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

ஹெய்டி ஒரு பிடி மண்ணை மகள்மேல் போட்டாள். பெட்டியின் பலகையில் பொத்தென்று விழுந்தது.

இன்னொரு பிடி எடுத்தாள். வலப்பக்கம் போட்டாள்.

அதுவும்... பலகையில்தான் விழுந்தது.

போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். ஹெய்டி மட்டும் மண்டியிட்டு, அந்தப் பக்கத்தை மெல்ல மூடத் தொடங்கினாள்.