கப்பலில் வந்தவரும் அமிர்தநாயகமும்

மன்னாரில் எங்கள் தாழ்வுபாட்டு ஊர் அமிர்தநாயகம் ஒரு சிடுமூஞ்சி. அவருடைய ஓட்டோவில் ஏறியவர்கள், ஏன்தான் ஏறினோம் என்று நினைத்துக்கொண்டே இறங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அவரைக் குறை சொல்ல மனம் வராது. அக்கரைத் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இரண்டு முறை அவருடைய வலையை அள்ளிக்கொண்டு போயின. இரண்டாம் முறையோடு படகை விற்று ஓட்டோ வாங்கினார். வலையை இழுத்தவனை ஒரு தடவை நேரில் நிறுத்திக் கேட்க வேண்டும். எட்டு வருடமாக அவருக்கு இருந்தது அந்த ஒரே வெறிதான்.

போன மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் தலைமன்னாருக்கு வெளியே நங்கூரம் போட்டது. அதில் வந்த தனபாலன் என்பவர் ஊர் பார்க்க ஓட்டோ தேடி அமிர்தநாயகத்திடம் மாட்டினார். கப்பலுக்குத் திரும்பும் கடைசி வள்ளம் மூன்று மணிக்கு.

கோட்டையைக் காட்டினால், "அவ்வளவுதானா?" பல நூறு வருடப் பெருக்கமரத்தைக் காட்டினால், "ஒரு மரத்துக்கா இவ்வளவு தூரம்?" பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. கழுதைகளை மட்டும் படம் எடுத்தார். மன்னாரில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லைதான். அதை நாங்கள் சொல்லலாம், வந்தவர் சொல்லக் கூடாது.

திரும்பும் வழியில் பேசாலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள்.

"ஊருன்னா எங்க ஊருண்ணே. மீன் புடிக்க ரெண்டு விசைப்படகு வச்சிருக்கேன். வீட்டைப் பாருங்க" என்று தனபாலன் போனை நீட்டினார்.

படத்தில் மாடி வீடு. முன்னால் கத்தரிச் செடிகள், அவற்றைச் சுற்றி வேலியாக வலை. வலையின் மஞ்சள் மிதவைகளில் கம்பியால் சுட்ட சிலுவையும் இரண்டு கோடும். எங்களூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சிலுவையும், இரண்டு மகள்மாருக்காக இரண்டு கோடும் அமிர்தநாயகத்தின் குறி.

"இந்த வலை எங்கால?"

"அதுவா? நம்ம படகுல சிக்கி வந்துச்சு. ஆடு மேயாம இருக்க வீட்ல கட்டிட்டாங்க."

அமிர்தநாயகம் ஓட்டோவிலிருந்து திறப்பை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அது என்ர வலை. அந்தக் குறி நான் சுட்டது."

தனபாலன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்துடறேன். மணி ரெண்டாச்சு, கப்பல் போயிடும்."

"உங்கட காசு எனக்கு வேண்டாம். மனிசிக்குக் கோல் எடுங்கோ. வலையை அவிழ்க்கச் சொல்லுங்கோ. ஏனெண்டும் சொல்லுங்கோ. நான் கேக்கோணும்."

வேறு ஓட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. தனபாலன் அழைத்தார்.

"இப்ப எதுக்கு அவுக்கணும்? ஆடு எல்லாத்தையும் தின்னுடுமே!" என்று மனைவி போனில் கத்தினார்.

தனபாலன் தலை குனிந்தார். "அவுத்து வை. வலைக்காரர் என் முன்னாடி நிக்கிறாரு."

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அமிர்தநாயகம் அவரை இறங்குதுறையில் கொண்டுபோய் விட்டார். இரக்கப்பட்டு அல்ல. அந்த ஆள் ஓர் இரவுகூட எங்கள் மண்ணில் தங்கக் கூடாது என்றுதான்.