டாக்டருக்கு யார் ஜட்டி வாங்கித் தரலாம்?

அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பரிசைப் பற்றி ஒரு விதி உண்டு. சுருக்கமாகச் சொன்னால்... யாரிடமும் வாங்கக் கூடாது. சொந்தக்காரரோ நெருங்கிய நண்பரோ கொடுத்தால், விசேஷ நாளில், அளவோடு வாங்கிக்கொள்ளலாம். தன்னிடம் காரியமாக வருகிறவர் கொடுத்தால் தொடவே கூடாது.

தாலுகா ஆபீசில் இருந்த காலம் முழுக்க இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான். வாசலுக்கு வந்த வாழைத்தாரைத் திருப்பி அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கியவன். ரிட்டயரான பிறகு அதே விதி என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். எங்கள் ஊருக்கும் கேரள எல்லையிலிருக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஜெபராஜ் சில வருஷங்களாக வேலை பார்த்தார். மூணாறு பக்கம் பள்ளிவாசல் டீ எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். வயது நாற்பத்திரண்டு. இந்த வயதில் அவருக்கு மேல்படிப்புக்கு சீட் கிடைத்தது. மெடிக்கல் காலேஜில் மூன்று வருஷம் ஜூனியர் ரெசிடென்ட். படிப்பு என்றுதான் பெயர். குடியிருப்பது வார்டில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வழக்கமான டீக்கடையில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். சீட் கிடைத்த மனுஷன் மாதிரியே இல்லை.

"சார், எனக்கு சீனியர்னு ஒரு பையன் இருக்கான். நான் மூணாறுல ப்ளஸ் டூ எழுதுறப்ப அவன் பொறந்திருக்கவே மாட்டான். அவனப் போயி சார்னு கூப்பிடணும்."

"கூப்புடுங்க. மீசை மொளைக்காத சப் கலெக்டரையெல்லாம் நான் கூப்புடலீங்களா?"

"நீங்க கூப்பிட்டு முடிச்சு ரிட்டயர் ஆயிட்டீக. நான் இனிமேத்தான..."

சிரித்தார். ஆனால், காலி கிளாஸைக் கீழே வைக்க மறந்துவிட்டார். அடுத்த நிமிஷமே, "அந்த பஜ்ஜிய வச்சுருங்க சார். உங்க பிரஷர் எனக்குத் தெரியும்" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இவருக்கு நல்லதாக ஒரு பரிசு கொடுத்து அனுப்ப வேண்டும்.

என்ன கொடுப்பது?

ஸ்டெதாஸ்கோப்? இத்தனை வருஷமாகக் கழுத்தில்தான் கிடக்கிறது. வாட்ச்? வார்டில் மணிக்கட்டில் எதுவும் கட்டக் கூடாதாம். புத்தகம்? டாக்டர்களின் புத்தகம் ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம் — அதுவும் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். பாலக்காட்டில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குப் போனேன். கடையில் நின்ற மலையாளிப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆருக்கா சாரே?"

"ஒரு டாக்டருக்கு."

"எங்கில் பேனா எடுக்கு."

"பேனா அவருகிட்ட இருக்குமே..."

"எல்லாரும் பேனாதன்னெ எடுக்குந்நது, சாரே."

எல்லாரும் கொடுப்பது பேனா என்றால், பேனாவைக் கொடுக்கிற நான் எல்லாரிலும் ஒருத்தன். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

சரி, அனுபவப்பட்டவர்களைக் கேட்போம் என்று என் கொழுந்தியா மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் ரெசிடென்ட்டாக இருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள்.

"பெரீப்பா, நெசமாச் சொல்லட்டுங்களா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"ஒரு டஜன் ஜட்டி. கூட சாக்ஸு."

"ஜட்டியா?"

"தொவைக்க நேரமிருக்காதுங்க பெரீப்பா. தொவைச்சாலும் காயாது. எங்க வார்டுல எனக்கு வந்த பேனாவ எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அம்மா வாங்கிக் குடுத்த துணிதான் என்னையக் காப்பாத்துச்சு."

நியாயமான யோசனை. மறுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால், சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது.

பேனாவை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். ஜட்டியை? அம்மா கொடுக்கலாம், மனைவி கொடுக்கலாம். நான் கொடுப்பதென்றால், நெருங்கிய நண்பனாக இருந்தாக வேண்டும். விதியும் அதையேதான் சொல்கிறது. அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் படிக்கப் போனாலும் அவர் அரசு ஊழியர்தான். அப்படியானால்... நான் அவருக்கு யார்?

யோசித்துப் பாருங்கள். அவரை நான் முதலில் பார்த்தது ஓபி சீட்டோடு. அதற்குப் பிறகும் மாதாமாதம் வரிசையில் நின்று சீட்டு வாங்கித்தான் பார்த்தேன். என்னை 'சார்' என்பார். அங்கே வயசான எல்லாருமே அவருக்கு 'சார்'தான். டீக்கடையில்கூட என் பஜ்ஜியைத்தான் கவனித்தார். நட்பு என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதை, நோயாளி கண்காணிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால்?

வீட்டில் சொன்னேன். என் மனைவி சரசு கரண்டியோடு திரும்பினாள்.

"ஏனுங்க, அந்த டாக்டரு நம்மூட்ல எத்தன தடவ சாப்புட்டிருக்காரு? நோயாளி ஊட்ல எந்த டாக்டராச்சும் ரசத்த ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிப்பாங்களா?"

"அது சாட்சியம். ஒப்புதல் ஆகாது."

"உங்களுக்கு ஆரு வேலை குடுத்தாங்கன்னு எனக்கு இன்னும் வெளங்கலீங்க."

இந்தக் குழப்பத்திலேயே கிறிஸ்துமஸ் போய்விட்டது. டாக்டரே வீட்டுக்கு வந்து கேக் கொடுத்தார். "வாரேன் சார், உப்பக் குறைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியும் போய்விட்டார். வாசலில் என் கை காலியாக இருந்தது. இனி எழுத்து மூலம் கேட்பதைத் தவிர வழியில்லை என்று வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்:

'பொருள்: பரிசளிப்பு — தகுதி குறித்துத் தெளிவு கோருதல். நான் தங்களுக்கு (1) நோயாளியா? (2) நண்பரா? இரண்டாவது எனில், உள்ளாடை வாங்குவதற்காக இடுப்பளவையும் தெரிவிக்கவும்.'

சரசு வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பெரிய மனுசன் கேக்கற கேள்வியாங்க இது? அந்தாளு இனி இந்தப் பக்கமே வரமாட்டாரு."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆபீசில் பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்புவோம். அதற்கும் வராவிட்டால் இன்னொன்று. நண்பனா என்று கேட்டதற்கு நினைவூட்டல் அனுப்ப முடியுமா? அனுப்பினால், அதுவே 'இல்லை' என்பதற்கு ஆதாரமாகிவிடாதா? சும்மா இருந்தேன். போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நடுவில் ஓபிக்குப் போனேன். புது டாக்டர், நல்ல பெண். பிரஷரைப் பார்த்துச் சரியாகத்தான் மாத்திரை எழுதினாள். அங்கிருந்து டீக்கடைக்குப் போய் மூன்று பஜ்ஜி வாங்கினேன். யாரும் தடுக்கவில்லை. மூன்றாவதை நானே தட்டில் வைத்துவிட்டேன்.

நோயாளிக்கு டாக்டர் உடனே கிடைத்துவிட்டார். எனக்குக் கிடைக்காதது எது என்று அப்போதுதான் புரிந்தது. என் தரப்பில் நான் இரண்டாம் வகை. சந்தேகமே இல்லை. அவர் தரப்பு?

கடைசியில் பதில் வந்தது. ஒரே வரி.

'ரெண்டாவதுதான் சார், இதக் கேக்கணுமா, 95 சைஸு, சீனியர் தம்பி நல்ல பையன், மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா?'

நாலு தடவை படித்தேன். மற்றதையெல்லாம் நண்பர் எழுதியிருக்கிறார். கடைசிக் கேள்வியை? டாக்டரா, நண்பரா? மறுபடியும் குழப்பம்! கேட்டு இன்னொரு மெசேஜ் தயாரித்தேன். சரசு போனைப் பிடுங்கிக்கொண்டாள். கடைக்கு அவளே கூட வந்தாள். பார்சலுக்குள் ஒரு டப்பா பருப்புப் பொடியையும் வைத்துக் கட்டினாள். அந்தப் பொடிக்கு எந்த விதி பொருந்தும் என்று நான் பார்க்கவில்லை.

கோப்பு முடிக்கப்பட்டது. பதில் வரப்பெற்ற தேதி: பிப்ரவரி இரண்டு.